காட்சித் தளம் (கொலுவும் விண்கல மாதிரிகளும்)

காட்சித் தளம் என்பது ஒரு பொம்மையை அல்லது சிற்றளவு மாதிரியைத் தாங்கி நிறுத்துவதோடு, அது எந்த இடத்தில், எந்தச் சூழலில், எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்பதைப் பார்ப்பவருக்கு உணர்த்தும் அடிப்பகுதி ஆகும். தமிழ்நாட்டில் நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் தொகுப்புப் பொம்மைகளும், கொலுவின் பக்கத்தில் அமைக்கப்படும் பூங்காவும் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். உலகின் பிற பகுதிகளில் போர் ஊர்திகள், தொடர்வண்டிகள், அறிவியல் புனைகதைகளில் வரும் விண்கலங்கள், இயந்திர மனிதர்கள் ஆகியவற்றின் மாடல் கிட்டுகளுக்கு இத்தகைய தளங்கள் செய்யப்படுகின்றன. கொலுப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் மரபையும், கொலுவில் இடம்பெறத் தொடங்கிய விண்கலக் காட்சிகளையும் முன்வைத்து, தளம் அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பீடமும் தளமும்

பீடம் என்பது உருவத்தை உயர்த்திக் காட்டும் மேடை. தாமரை இதழ்கள் கொண்ட பத்ம பீடம் இதற்குச் சான்று. தளம் என்பது அதைவிட விரிந்த பொருளுடையது. தரை, செடி, பாதை, கட்டடத்தின் ஒரு பகுதி, துணை உருவங்கள் ஆகியவை சேர்ந்து ஒரு நிகழ்வைச் சொல்லும்போது அது காட்சித் தளம் ஆகிறது. மேலைநாடுகளில் இதை டயோரமா என்று அழைப்பர். இச்சொல் 1822இல் பாரிசில் லூயி டாகர் தொடங்கிய ஒளி ஓவிய அரங்கின் பெயரிலிருந்து வந்தது. பின்னர் அது முப்பரிமாணச் சிற்றளவுக் காட்சிகளைக் குறிக்கலாயிற்று.

அடிப்பகுதிக்குத் தனிக் கவனம் கொடுப்பது காஞ்சிபுரத்துக்குப் புதிதன்று. கோயில் கட்டடக்கலையில் சுவருக்குக் கீழுள்ள அடித்தளம் அதிட்டானம் எனப்படும். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அதன் ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப்பெயர் உண்டு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் மேற்பகுதி மணற்கல்லால் ஆனது. எடையைத் தாங்கும் அடி வரிசைகளில் கருங்கல் வைக்கப்பட்டுள்ளது. தாங்கும் பகுதி உறுதியாகவும் கனமாகவும் இருக்கவேண்டும் என்னும் இதே விதி, ஒரு சாண் உயரப் பொம்மைக்கும் பொருந்தும்.

காஞ்சிபுரம் கொலுப் பொம்மைகள்

காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்று தொழிலின் பெயராலேயே வழங்கும் தெரு உள்ளது. இங்குள்ள குடும்பங்கள் தலைமுறைகளாகக் காகிதக்கூழிலும் களிமண்ணிலும் கொலுப் பொம்மைகள் செய்துவருகின்றன. பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகியவை தமிழ்நாட்டின் பிற பொம்மைத் தொழில் ஊர்களுள் சில.

காகிதக்கூழ்ப் பொம்மை செய்யும் முறை பின்வருமாறு அமையும். பழைய காகிதத்தை நீரில் ஊறவைத்து அரைத்துக் கூழாக்குவர். அதனுடன் வெள்ளைத் தூளும் பசையும் சேர்த்துப் பிசைவர். இந்தக் கூழை அச்சின் முன்பாதியிலும் பின்பாதியிலும் தனித்தனியே அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, வெயிலில் உலர்த்துவர். பிறகு வெள்ளைப் பூச்சு இட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் தீட்டுவர். உட்புறம் வெற்றிடமாக இருப்பதால் பொம்மை எடை குறைவாக இருக்கும். பொம்மையின் பீடமும் பெரும்பாலும் அதே அச்சிலேயே வார்க்கப்படுகிறது.

தனிப் பொம்மையைவிடத் தொகுப்புப் பொம்மைகளில்தான் காட்சித் தளத்தின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. தசாவதாரம், கல்யாணம், செட்டியார் கடை போன்றவை எல்லோரும் அறிந்த தொகுப்புகள். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் வைகாசிப் பெருவிழாவின் மூன்றாம் நாள் நடைபெறும் கருட சேவையும் பொம்மைத் தொகுப்பாக வடிக்கப்படுகிறது. கருட வாகனம், குடைகள், வாகனத்தைச் சுமப்போர் எனப் பல உருவங்கள் அதில் சேர்கின்றன. இவற்றைத் தனித்தனியே படியில் பரப்பி வைத்தால் அவை வெறும் பொம்மைகளாகவே தெரியும். ஒரே பலகையில் உரிய இடைவெளியில் வைத்தால் ஊர்வலம் நகர்வது போன்ற தோற்றம் கிடைக்கும்.

ஒரே உருவத்துக்கு இரண்டு வகை அடித்தளம் தேவைப்படும் என்பதற்கு அத்திவரதர் நல்ல எடுத்துக்காட்டு. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளத்தில் வைக்கப்பட்டிருக்கும் அத்திமரத் திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுகிறது. 1979க்குப் பிறகு 2019 சூலை, ஆகத்து மாதங்களில் மக்கள் வழிபாட்டுக்கு வைக்கப்பட்டது. முதல் 31 நாட்கள் சயனக் கோலத்திலும், அதன்பின் நின்ற கோலத்திலும் காட்சி தந்தார். அவ்வாண்டு நவராத்திரியில் அத்திவரதர் பொம்மைகள் பெரிதும் விரும்பி வாங்கப்பட்டன. சயனக் கோலப் பொம்மைக்குத் தாழ்ந்த, நீண்ட தளம் போதும். அது கவிழ வாய்ப்பில்லை. நின்ற கோலப் பொம்மைக்கோ அகன்ற, கனமான அடிப்பகுதி தேவை.

கொலுவில் விண்வெளி

கொலுவில் ஆண்டுக்கு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு பக்கக் காட்சி அமைப்பது நகரங்களில் பரவலாகிவிட்டது. விண்வெளி அதில் அடிக்கடி இடம்பெறும் பொருள். மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. மறுநாள் நவராத்திரி தொடங்கியது. சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கி 2023 ஆகத்து 23 அன்று நிலவின் தென்பகுதியில் இறங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த நவராத்திரியில் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் நிலவுக் காட்சிகள் வைக்கப்பட்டன.

நிலவின் தரையைப் பூமியில் உருவாக்கும் வேலையில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. தரையிறங்கியையும் உலாவியையும் சோதிக்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு நிலவு மண்ணை ஒத்த மண் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட்டு என்னும் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. இதைப் பொடித்துப் பெங்களூருவுக்கு அனுப்பி, செயற்கை நிலவுத் தரை அமைத்தனர். முழு அளவுக் கலத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு காட்சித் தளம் என்றே இதைக் கருதலாம். அழகுக்காக அன்றி, சக்கரம் புதைகிறதா, கால் சறுக்குகிறதா என்று அறிவதற்காக அது அமைக்கப்பட்டது.

அறிவியல் புனைவு மாதிரிகள்

திரைப்படங்களுக்காகச் செய்யப்பட்ட சிற்றளவு மாதிரிகளிலிருந்தே புனைவு விண்கல மாதிரிகளின் அழகியல் வளர்ந்தது. 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’, 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ ஆகிய படங்களின் கலைஞர்கள், கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளின் உறுப்புகளைப் பிரித்து, விண்கலங்களின் மேற்பரப்பில் ஒட்டி நுணுக்கம் சேர்த்தனர். சப்பானில் 1979இல் ஒளிபரப்பான ‘கண்டம்’ தொடரின் இயந்திர மனிதர்களைப் பண்டாய் நிறுவனம் 1980 முதல் மாடல் கிட்டுகளாக விற்றுவருகிறது. கதைப்படி 18 மீட்டர் உயரமுள்ள அந்த இயந்திரம் 1:144 அளவில் 12.5 செ.மீ உயரம் இருக்கும். அமெரிக்கரான செப்பர்டு பெயின், மாடல் கிட்டுகளுக்குக் காட்சித் தளம் அமைக்கும் கலையைத் தம் நூல்கள் வழியே பரப்பியவர்களுள் முதன்மையானவர்.

தமிழில் 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ திரைப்படத்தில் வேற்றுக் கோளிலிருந்து விண்கலம் வருகிறது. சுசாதாவின் ‘என் இனிய இயந்திரா’ புதினத்தில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய் தமிழ் வாசகர் பலருக்கு அறிமுகமானது. இத்தகைய பாத்திரங்களைக் காட்சியாக்க விரும்புவோர் உருவத்தையும் தளத்தையும் தாமே செய்துகொள்ளலாம்.

புனைவு மாதிரிக்கும் பிற மாதிரிகளுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கருட சேவைப் பொம்மையைப் பார்ப்பவருக்கு உண்மையான வாகனம் எவ்வளவு பெரியது என்பது தெரியும். இல்லாத ஒரு விண்கலத்தின் அளவு யாருக்கும் தெரியாது. அது தேர் அளவா, ஊர் அளவா என்பதைத் தளம்தான் சொல்லவேண்டும். கலத்தின் அருகே ஒரு சென்டிமீட்டர் உயரக் கதவு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, ஒரு மனித உருவம் ஆகியவற்றை வைத்தால் பார்ப்பவர் உடனே அளவைக் கணித்துக்கொள்வார். புனைவு மாதிரிக்குத் தளம் ஒரு அளவுகோலாகவும் பயன்படுகிறது.

அளவுவிகிதம்

தளம் அமைப்பதற்குமுன் மாதிரியின் அளவுவிகிதத்தை முடிவுசெய்ய வேண்டும். உண்மையான நீளத்தை விகித எண்ணால் வகுத்தால் மாதிரியின் நீளம் கிடைக்கும். சந்திரயான்-3ஐ 1:20 அளவில் செய்வதாகக் கொண்டால் அளவுகள் பின்வருமாறு அமையும்.

- விக்ரம் தரையிறங்கி: உண்மையில் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.17 மீட்டர் உயரம். மாதிரியில் 10 செ.மீ, 10 செ.மீ, 5.8 செ.மீ.
- பிரக்யான் உலாவி: உண்மையில் சுமார் 92 செ.மீ நீளம், 75 செ.மீ அகலம், 40 செ.மீ உயரம். மாதிரியில் 4.6 செ.மீ, 3.75 செ.மீ, 2 செ.மீ.
- ஒப்பீட்டுக்கு 170 செ.மீ உயரமுள்ள மனிதர்: மாதிரியில் 8.5 செ.மீ.

உண்மை நிகழ்வு ஒன்றைக் காட்சியாக்கும்போது தூரத்தையும் இதே விகிதத்தில் கணக்கிட வேண்டும். 2023 ஆகத்து 27 அன்று பிரக்யான் தன் முன்னே 3 மீட்டர் தொலைவில் 4 மீட்டர் விட்டமுள்ள குழி ஒன்றைக் கண்டது. உடனே அது வேறு பாதையில் திருப்பிவிடப்பட்டது. 1:20 அளவில் இந்தக் குழி 20 செ.மீ விட்டமும், உலாவியிலிருந்து 15 செ.மீ தொலைவும் கொண்டிருக்கும். 60 செ.மீ நீளம், 40 செ.மீ அகலமுள்ள பலகையில் இக்காட்சி முழுமையாக அடங்கிவிடும். உலாவி கடந்த மொத்தத் தூரம் 100 மீட்டருக்குச் சற்று மேல். அதே விகிதத்தில் அது 5 மீட்டருக்கு மேல் வரும். தரையிறங்கி, உலாவி, குழி மூன்றையும் ஒரே பலகையில் வைத்தால் தூரம் சுருக்கப்பட்டது என்று பொருள். அப்படிச் செய்தால் விளக்க அட்டையில் அதைக் குறிப்பிடுவது நல்லது.

நிலைத்தன்மை

கொலுவில் பொம்மை உடைவதற்கு முதன்மைக் காரணம் கவிழ்தல். குழந்தைகள் ஓடுவது, புடவைத் தலைப்பு படுவது, படி அசைவது ஆகியவற்றால் உயரமான பொம்மை சாய்கிறது. ஒரு பொருளின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழே வரையும் செங்குத்துக் கோடு அடிப்பகுதியின் விளிம்புக்கு உள்ளே விழும்வரை அது கவிழாது. அடிப்பகுதி அகலமாகவும், புவியீர்ப்பு மையம் தாழ்வாகவும் இருந்தால் பொருள் அதிகக் கோணம் சாய்ந்தாலும் திரும்ப நிமிர்ந்துவிடும். உருண்டையான, கனத்த அடிப்பகுதி கொண்ட தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எவ்வளவு தள்ளினாலும் நிமிர்வது இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற ஏவுகலத்தின் உயரம் 43.5 மீட்டர். 1:100 அளவில் அது 43.5 செ.மீ. இதை 10 செ.மீ பக்கமும் 2 செ.மீ தடிமனும் உள்ள தெர்மாகோல் துண்டின்மீது நிறுத்தினால், புவியீர்ப்பு மையம் சுமார் 24 செ.மீ உயரத்தில் இருக்கும். ஏறத்தாழ 12 பாகை சாய்ந்தாலே மாதிரி கவிழ்ந்துவிடும். தெர்மாகோலுக்குப் பதிலாக அதே அளவில் 600 கிராம் எடையுள்ள தளம் வைப்பதாகவும், ஏவுகல மாதிரியின் எடை 150 கிராம் எனவும் கொள்வோம். இப்போது மொத்தப் புவியீர்ப்பு மையம் சுமார் 5.5 செ.மீ உயரத்துக்கு இறங்கிவிடும். மாதிரி கவிழ 42 பாகை சாயவேண்டும். தளத்தின் அகலம் மாறாமலே பாதுகாப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. பலகையின் அடியில் இரும்புத் துண்டு, ஓட்டுத் துண்டு, ஆற்று மணல் நிரப்பிய பை ஆகியவற்றில் ஒன்றை ஒட்டினாலே இந்தப் பயன் கிடைக்கும்.

பொருட்கள்

அடிப்பலகைக்குப் பிளைவுட் ஏற்றது. எம்.டி.எஃப் பலகை மலிவானது. ஆனால் ஒருபுறம் மட்டும் நீர்ப்பசை பூசினால் அது வளைந்துவிடும். எனவே இருபுறமும் வண்ணமோ வார்னிஷோ பூசிய பிறகே மேல்வேலை தொடங்கவேண்டும். சிறிய காட்சிகளுக்குப் பட்டுப்புடவை வைத்துத் தரும் கெட்டி அட்டைப்பெட்டியின் மூடியும் போதும். உள்ளே குறுக்கு அட்டைகள் ஒட்டினால் அது தொய்யாது.

மேடு பள்ளங்களுக்குத் தெர்மாகோல் பயன்படுகிறது. இதன்மீது தெளிப்பு வண்ணமோ கரைப்பான் கலந்த பசையோ பட்டால் அது உருகிக் குழிந்துவிடும். முதலில் வெள்ளைப் பசை கலந்த காகிதக்கூழ் அல்லது காகிதத் துண்டுகளால் மூடி, உலர்ந்தபின் நீர்சார்ந்த அக்ரிலிக் வண்ணம் தீட்ட வேண்டும். காஞ்சிபுரம் பொம்மைகளின் அதே காகிதக்கூழ்தான் தரைக்கும் சிறந்த மேற்பூச்சு. பாரிஸ் சாந்து விரைவில் இறுகும். ஆனால் கனமானது, விளிம்புகளில் உடையக்கூடியது.

நிலவுத் தரைக்குச் சலித்த சாம்பலும் மெல்லிய மணலும், செவ்வாய்த் தரைக்குச் செங்கல் தூளும் செம்மண்ணும் பொருந்தும். செவ்வாயின் செந்நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு காரணம். செம்மண்ணின் நிறத்துக்கும் அதுவே காரணம் என்பதால் இந்தத் தேர்வு பொருத்தமானது.

புனைவு விண்கல நிலையத்தின் சுவர், தரை போன்றவற்றுக்கு நுணுக்கமான மேற்பரப்பு தேவை. பட்டுத் தறிகளில் பயன்பாடு முடிந்த ஜக்கார்டு அட்டைகள் காஞ்சிபுரத்துக்கே உரிய ஒரு பொருள். வரிசை வரிசையாகத் துளையிட்ட இக்கெட்டி அட்டைகளை வெட்டி அடுக்கிச் சாம்பல்நிறம் பூசினால் இயந்திரத் தளம்போலத் தோன்றும். பின்புறம் விளக்கு வைத்தால் துளைகள் சன்னல்களாகிவிடும். பேனா மூடி, மருந்துப் பட்டை, பழைய கைப்பேசியின் மின்சுற்றுப் பலகை ஆகியவையும் இவ்வகைக்கு உதவும். விண்கலங்களின் பொன்னிற வெப்பக் காப்புறைக்கு மிட்டாய்த் தாள் போதும்.

செய்முறை: நிலவுத் தளம்

1. பலகையில் கலம், குழி, தடம் ஆகியவற்றின் இடங்களைப் பென்சிலால் குறிக்கவேண்டும். முதன்மைப் பொருளை நட்டநடுவில் வைக்காமல் சற்று ஒருபக்கமாகவும், விளிம்புக்கு இணையாக இல்லாமல் சற்றுத் திருப்பியும் வைத்தால் காட்சி இயல்பாக இருக்கும்.

2. புதிதாக உண்டான சிறு குழிகளின் ஆழம் விட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். பழைய குழிகள் அதைவிட ஆழம் குறைந்தவை. 20 செ.மீ குழிக்கு 3 முதல் 4 செ.மீ ஆழம் தேவைப்படும். ஆகவே 5 செ.மீ தடிமனுள்ள தெர்மாகோலைப் பலகையில் ஒட்டிக் குடைய வேண்டும்.

3. காகிதக்கூழை அரை செ.மீ தடிமனில் பூச வேண்டும். குழியின் விளிம்பு சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

4. கூழ் ஈரமாக இருக்கும்போதே சிறு குழிகளை இட வேண்டும். வெவ்வேறு அளவுள்ள கோலிக்குண்டுகளை அழுத்தி எடுக்கலாம். சிறிய குழிகள் மிகுதியாகவும் பெரியவை குறைவாகவும் இருப்பதே நிலவின் இயல்பு. கலத்தின் கால்களையும் உலாவியின் சக்கரங்களையும் இப்போதே அழுத்திப் பதிவு எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத் தவறவிட்டால் கலம் தரையில் நிற்பதுபோலத் தெரியாது, தரைக்கு மேலே ஒட்டவைத்ததுபோலத் தெரியும்.

5. நிழலில் இரண்டு நாளும் பிறகு வெயிலில் ஒரு நாளும் உலர்த்தலாம். முதலிலேயே கடும்வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும்.

6. நீர் கலந்த வெள்ளைப் பசையைப் பூசி, அதன்மேல் சாம்பலையும் மணலையும் சல்லடையால் தூவ வேண்டும். ஒட்டாத பொடியை மறுநாள் தட்டி நீக்க வேண்டும்.

7. கருஞ்சாம்பல் நிறத்தை நீர்த்துப் பள்ளங்களில் ஓடவிட்டு, உலர்ந்தபின் வெளிர்ச்சாம்பலை ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தடவ வேண்டும். விக்ரம் இறங்கியபோது சுமார் 108 சதுர மீட்டர் பரப்பிலிருந்த மண் சிதறியதாக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அறிவித்தது. 1:20 அளவில் இது கலத்தைச் சுற்றி ஏறத்தாழ 29 செ.மீ ஆரமுள்ள வட்டம். அப்பகுதியைச் சற்று வெளிறிய நிறத்தில் காட்டலாம்.

8. கலத்தைப் பசையால் ஒட்டாமல், காலில் சிறு கம்பி பொருத்தித் தளத்துத் துளையில் செருகுவது நல்லது. விழா முடிந்ததும் பிரித்து வைக்க இது உதவும்.

பறக்கும் கலங்களுக்கான தளம்

மங்கள்யான் செவ்வாயைச் சுற்றிய கலம். அது தரையில் இறங்கவில்லை. அதன் மாதிரியைச் செம்மண் தரையில் வைப்பது பொருட்பிழை. இத்தகைய கலங்களை ஒளிபுகும் அக்ரிலிக் தண்டின்மேல் நிறுத்த வேண்டும். தண்டு கலத்தின் புவியீர்ப்பு மையத்துக்கு நேர்கீழே பொருந்தவேண்டும். நூலைக் கட்டி, கலம் சாயாமல் தொங்கும் புள்ளியைக் கண்டுபிடித்தால் அந்த இடம் தெரியும். புனைவு விண்கலங்களைச் சற்றுச் சாய்த்து நிறுத்தினால் திரும்பும் வேகம் தெரியும். அவ்வாறு செய்யும்போது தளத்தின் எடையைக் கூட்ட வேண்டும்.

ஒளியமைப்பு

நிலவில் காற்று இல்லாததால் ஒளி சிதறுவதில்லை. பகலிலும் வானம் கறுப்பாகவே இருக்கும். சந்திரயான்-3 இறங்கிய இடம் ஏறத்தாழ 69 பாகை தென் அகலாங்கில் உள்ளது. அங்கு நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 20 பாகை உயரமே எழும். அப்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு நீளும். 5.8 செ.மீ உயரக் கலத்துக்கு 16 செ.மீ நிழல் விழும். எனவே மேலிருந்து பல விளக்குகள் போடாமல், பக்கத்தில் தாழ்வாக ஒரே ஒரு வெள்ளை விளக்கு வைப்பதே உண்மைக்கு நெருக்கமானது.

பின்னணியில் பூமியை வரைவோர் அதை மிகப் பெரிதாக வரைவதுண்டு. நிலவிலிருந்து பார்க்கும்போது பூமியின் விட்டம் சுமார் 2 பாகை மட்டுமே. பார்ப்பவர் ஒரு மீட்டர் தொலைவில் நின்றால் பூமியின் படம் 3.5 செ.மீ விட்டம் இருந்தால் போதும்.

சிறு எல்.இ.டி விளக்கை 9 வோல்ட் மின்கலத்துடன் இணைக்கும்போது மின்தடை தேவை. வெள்ளை எல்.இ.டிக்கு 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால், மீதி 6 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுக்க 300 ஓம் கிடைக்கும். கடையில் எளிதில் கிடைக்கும் 330 ஓம் மின்தடையைப் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

தெர்மாகோல், காகிதம், சரிகைத் துணி ஆகியவை எளிதில் தீப்பற்றும். குத்துவிளக்கும் அகல்விளக்கும் காட்சித் தளத்திலிருந்து விலகியே இருக்கவேண்டும். சாம்பல், செங்கல் தூள் ஆகியவற்றைச் சலிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது. குழந்தைகளைக்கொண்டு வெட்டும் வேலையைச் செய்விக்கக் கூடாது.

நவராத்திரி வரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் மழைக்காலத்தை ஒட்டியவை. காகிதக்கூழ் ஈரத்தை உறிஞ்சி இளகும். கொலுப் பூங்காவில் கேழ்வரகு, வெந்தயம், கடுகு முளைக்கவைப்போர் அந்த மண்ணைத் தனித் தட்டில் வைத்து, நீர் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளத்துக்கு நீருக்குப் பதிலாகக் கண்ணாடியை வைப்பது பழைய வழக்கம். அது பொம்மைகளுக்கும் பாதுகாப்பானது.

விழா முடிந்தபின் பொம்மைகளைத் தளத்திலிருந்து பிரித்து, மென்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். தளத்தின் அடியில் ஆண்டு, காட்சியின் பெயர், எந்தத் துளையில் எந்த உருவம் என்பவற்றை எழுதிவைத்தால் மறுமுறை அடுக்குவது எளிது. பரணில் வைக்கும் பலகைகளைக் கரையான் அரிக்காமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது இறக்கிப் பார்க்க வேண்டும்.

கைவினைத் தொழிலும் காட்சித் தளமும்

பொம்மைத் தொழிலில் வேலை ஆண்டு முழுவதும் நடக்கிறது. விற்பனையோ நவராத்திரிக்கு முந்தைய சில வாரங்களில் குவிகிறது. உலர்த்தும் நாட்களில் மழை பெய்தால் வேலை நின்றுவிடும். ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மையாவது வாங்கிக் கொலுவில் சேர்க்கும் வழக்கமே இக்குடும்பங்களின் வருவாய்க்கு அடிப்படை. தொகுப்பில் ஒரு பொம்மை உடைந்தால் பல வீடுகளில் முழுத் தொகுப்பும் பரணுக்குப் போய்விடுகிறது. சரியான தளம் இருந்தால் உடைவது குறையும். உடைந்த இடத்தை வேறு உருவம்கொண்டு நிரப்பிக் காட்சியைத் தொடரவும் முடியும்.

விண்கலக் காட்சி அமைப்பவர்களுள் பலர் பழைய பொம்மைகளை ஒதுக்கிவிடுவதில்லை. செட்டியாரும் மரப்பாச்சியும் மேல்படியில் இருக்க, கீழே விக்ரம் நிலவில் நிற்கிறது. பாட்டி வாங்கிய பொம்மையும் பேரப்பிள்ளை செய்த தளமும் ஒரே கொலுவில் இடம்பெறுகின்றன. அளவைக் கணக்கிட்டு, நிழலைப் பார்த்து, கூழைப் பிசைந்து ஒரு தளத்தைத் தன் கையால் செய்த மாணவருக்கு, அடுத்தமுறை கடையில் ஒரு காகிதக்கூழ்ப் பொம்மையை எடுத்துப் பார்க்கும்போது அதன் விலைக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.